சனிக்கிழமைதோறும் காற்று இறங்கிய டயர்

நாமக்கல்லில் டயர் கடைக்காரர் மகளாகப் பிறப்பது லேசுப்பட்ட பெருமை அல்ல. லாரி இல்லாத வீடுகூட எங்கள் ஊரில் இருக்கும். டயரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாத வீடு கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், திருச்செங்கோடு சாலையில் இருந்தது எங்கள் கடை. அங்கே டயர் போட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்பு முழுக்க நான் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

கடைக்கு அப்பா முதலாளி என்றாலும் டயர் பார்ப்பது என்னவோ அத்தைதான். அப்பாவின் தங்கை. கல்லூரி முடித்துவிட்டு பில் போட வந்தவள், பில் போட்ட நேரம் போக வண்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். தேய்ந்த டயர்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டுவாள். "நடுவுல மட்டும் தேஞ்சிருக்குதுங்கண்ணா, காத்து ஜாஸ்தி அடிக்கறீங்க" என்பாள். இன்னொருவரிடம், "ஒரு பக்கமா தின்னுருக்குதுங்கண்ணா, அலைன்மெண்ட் பாத்துருங்க" என்பாள். மீசை நரைத்த டிரைவர்களும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அந்த வருடம் எங்கள் மாதா கோயில் தேர்ப்பவனிக்கு மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு ஜெனரேட்டர் வந்தது. சக்கரம் வைத்த ஜெனரேட்டர். அதைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, கல்யாணம், திருவிழா என்று ஊர் ஊராக இழுத்துப் போகிற ஓர் இளைஞர் அதைக் கொண்டு வந்தார். தேரின் விளக்குகளுக்கெல்லாம் கரண்ட் கொடுத்தபடி பின்னாலேயே ஊர்ந்து வந்தார். தேருக்கு முன்னால் பாடிக்கொண்டு போன பெண்கள் கூட்டத்தில் அத்தையும் இருந்தாள். அடுத்த வாரமே அவர் டயர் மாற்ற எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

பக்கவாட்டில் வெள்ளை எழுத்து போட்ட, அகலமான, பளபளப்பான டயர் ஒன்றைத்தான் முதலில் கைகாட்டினார். அத்தை அவருடைய பழைய பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். நடுவில் ரப்பர் பட்டன்கள் தேயாமல் நன்றாகவே இருந்தன. இரண்டு ஓரமும் மொட்டை.

"காத்து கம்மியா வெச்சுட்டே பாரம் இழுத்திருக்கீங்க. ஜெனரேட்டரை இழுக்கற பாரம் பூரா பின்சக்கரத்துலதானுங்க வந்து உக்காரும். அதுக்கு அழகு எதுக்குங்க, தாங்கற டயராப் பாத்துப் போடோணும்" என்றாள்.

முன்னால் நீளக் கோடு ஓடும் டயர், பின்னால் ஆழமாகப் பட்டன் வெட்டிய, பக்கச்சுவர் கனத்த டயர் என்று அவளே எடுத்து வைத்தாள். அவர் டயரைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்றதையே போட்ருங்க" என்று சொல்லிவிட்டார். பேரம் பேசாத, விலைகூடக் கேட்காத ஒரு வாடிக்கையாளரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அத்தையின் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போனேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். வலது பின்சக்கரத்தில் காற்று நிற்க மாட்டேன் என்கிறதாம். அத்தை சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை. வால்வு பின்னை மாற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். டயரைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. அவர் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது.

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. கடைக்கு வருகிற அத்தனை பேரையும் அண்ணா போட்டுக் கூப்பிடும் அத்தை, இவரை மட்டும் வெறும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "போயி வீட்டுப்பாடம் எழுது சாமி" என்று அனுப்பிவிட்டாள்.

போட்ட டயர் வாராவாரம் திரும்பி வந்தால் எந்தக் கடைக்கு மானம் நிற்கும்? காத்திருக்கும் லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா வெடித்துவிட்டார். இந்தச் சனிக்கிழமையும் வந்தால் நான்கு டயரையும் கழற்றிக்கொண்டு, வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

"டயர்ல ஒரு கோளாறும் இல்லீங்கண்ணா" என்றாள் அத்தை.

"அப்பறம் எப்படி எறங்குது?"

அதற்குமேல் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. கடையின் பெயர் கெட்டுவிடுமே என்று இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோளாறு எதுவென்று நானே கண்டுபிடித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. கடைக்குக் கொஞ்சம் தள்ளி லாரிகளுக்கான எடைமேடை உண்டு. அதன் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிக்கப் வந்தது. எங்கள் கடைக்குப் போகாமல் அங்கேயே ஓரமாக நின்றது. அவர் இறங்கினார். இருபுறமும் பார்த்தார். வலது பின்சக்கரத்தருகே குந்தி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்ற சத்தம் எனக்கே கேட்டது. போதுமான அளவு இறங்கியதும் எழுந்து, பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு, வண்டியை எங்கள் கடைக்கு விட்டார்.

நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று சாலையிலேயே போய்விட்டது. கடை நிறைய ஆட்கள். மூச்சு வாங்க, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அப்பா! நம்ம டயர் நல்ல டயர்! இவருதான் குச்சிய வெச்சுக் காத்தை எறக்கறாரு! நான் பாத்தேன்! எறக்கிட்டுத் தலைவேற சீவுனாரு!"

அப்பா அவரைப் பார்த்தார். அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சீப்பைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை காற்று அளக்கும் கேஜை அப்போதுதான் புதிதாகப் பார்க்கிறவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வயதான டிரைவர், "ஏனுங்க மொதலாளி, இது டயர்க் கோளாறு மாதிரி தெரியலீங்களே" என்று சொல்லிச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

அப்பாவின் முகத்தில் கோபம் வந்து, குழம்பி, மெல்ல மறைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஊட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க தம்பி."

"சரிங்க. கண்டிப்பா வாரோமுங்க" என்றார் அவர். அப்படியொரு சந்தோஷத்தோடு சொன்னார்.

எங்கள் பள்ளியில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனிடம் தலைமையாசிரியை சொல்வதும் இதேதான். குற்றவாளி பெற்றோரோடு வரவேண்டும். எனக்குப் பரம திருப்தி. உள்ளங்கையை ஓட்டியே ஓட்டுகிறவனின் குணத்தைச் சொல்லும் அத்தையால் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதே என்று கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அன்று மாலை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். தோற்றவள் ஜெயித்தவளுக்கு இப்படிக் கொடுக்க எவ்வளவு நல்ல மனசு வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள். கையில் தட்டு, தட்டில் பூ, பழம், இனிப்பு. மன்னிப்புக் கேட்பதானால் மல்லசமுத்திரத்துக்காரர்கள் முறையாகத்தான் கேட்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். அத்தை பட்டுப்புடவையில் காபி கொண்டுவந்தாள். கடையின் மானம் காத்தவள் என்ற முறையில் நான் நடுக்கூடத்தில் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். யாரும் பேச்சை ஆரம்பிக்கக் காணோம். சரி, பெரிய மனது பண்ணுவோம் என்று நானே ஆரம்பித்தேன்.

"பரவால்லீங்க, நாங்க மன்னிச்சுட்டோம். இனிமே காத்தை எறக்க மாட்டேன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க, போதும்."

அவருடைய அம்மா என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார். "இனி எதுக்கு சாமி அவன் எறக்கப் போறான்?" என்றார்.

கூடமே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். எங்கள் டயரில் குறையே இல்லை என்பதை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று, நான் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துக் கடித்தேன்.