இல்லாத காட்சிக்கு ஐந்து நட்சத்திரம்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் தேடிக்கொண்ட புது உத்தியோகம் பிழை திருத்துவது. அறுபதுகளில் வந்த ஓர் ஆங்கில ஒற்றர் தொடரை ஒவ்வொரு பகுதியாகத் திரும்பப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கணினிக்கு முன்னால் போய் உட்காருவார். அந்தத் தொடரை விரும்புகிறவர்களுக்கென்று டேனிஷ் மொழியில் ஓர் இணையத்தளம் இருக்கிறது. பார்த்தவர்கள் ஒவ்வொரு பகுதியையும் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள். யாராவது ஒரு விவரத்தைத் தவறாக எழுதிவிட்டால் இவருக்குப் பொறுக்காது. துப்பாக்கி இடது கையில் இருந்ததா வலது கையில் இருந்ததா என்பது வரைக்கும் திருத்தம் எழுதுவார். நட்சத்திரம் கொடுப்பதில் மகா கஞ்சர். என்னுடைய மீன் குழம்புக்கே இத்தனை வருடத்தில் மூன்றுக்கு மேல் விழுந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தொடருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். அகதிகளாக டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துக்கு வந்த புதிதில் அது ரீவியில் மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசுவார்கள், கீழே டேனிஷில் எழுத்து ஓடும். அதைப் பார்த்துத்தான் இவர் டேனிஷ் வாசிக்கப் பழகினார். "கையை உயர்த்து", "ஆவணங்கள் எங்கே" என்றெல்லாம் டேனிஷில் சொல்லத் தெரிந்தவருக்கு, கடையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் இருந்தது.

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கோட்டைக் கழற்றியதும் வழக்கம்போல எனக்கு அபிப்பிராயங்களை வாசித்துக் காட்டினார். முதல் நாள்தான் அந்தப் பகுதியை இருவரும் பார்த்திருந்தோம். ஒற்றனுக்கு உதவிய தட்டெழுத்துப் பெண்ணை எல்லைப் பாலத்தில் விட்டுவிட்டு அவனுடைய கார் போய்விடும். அதுதான் முடிவு. கல்நெஞ்சு முடிவு என்றாலும் ஒற்றர் கதைக்குப் பொருந்துகிறது என்று ஒருவர் நான்கு போட்டிருந்தார். அவள் எதிரியின் ஆள்தான், விட்டுப்போனது சரி என்று இன்னொருவர்.

"இதைக் கேளும்," என்று சிரித்துக்கொண்டே அடுத்ததை வாசித்தார். எழுதியவர் ஒரு பெண். புனைபெயர்தான் போட்டிருந்தார். 'நான் சின்ன வயதில் பார்த்தபோது இது இப்படி முடியவில்லை. கார் கொஞ்சத் தூரம் போய் நின்று, பின்னுக்கு வரும். ஒற்றன் இறங்கித் தன் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டு, ஏறு, வீட்டுக்குப் போவோம், தேநீர் ஆறப்போகிறது என்பான். அந்தக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள். பழைய முடிவுக்கு ஐந்து நட்சத்திரம்.'

கீழே மற்றவர்கள் அவளைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். அப்படி ஒரு காட்சியே எடுக்கப்படவில்லை, கனவு கண்டிருப்பீர்கள் என்று கேலி. அவள் விடவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று மூன்று தரம் எழுதியிருந்தாள்.

இவர் திருத்தம் எழுதக் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த முடிவு உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் கல்யாண வீடியோக்கள் வீடு வீடாகச் சுற்றும். லண்டனில் நடந்த என் தம்பியின் கல்யாணக் கசெற் எங்களுக்கு ஒரு பகல்தான் கிடைத்தது. பின்னேரம் அது எஸ்பியர்க் நகரத்தில் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அவசரத்தில் இவர் அதை இந்தப் பகுதி பதிந்திருந்த கசெற்றின் மிச்ச இடத்தில் கொப்பி பண்ணினார். கசெற்றைச் சரியான இடத்துக்கு ஓட்டவில்லை. பாலத்தில் அந்தப் பெண் நிற்கும்போதே படம் நடுங்கி, என் தம்பி மாலையோடு வந்துவிடுவான். பிறகு பிறந்த மகள் நாலைந்து வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுவாள். பாலத்தில் நின்ற மாமிக்கு என்ன நடந்தது என்று டேனிஷில் கேட்பாள். பதிந்து வைத்ததோடு சரி, முடிவு எங்களுக்கும் தெரியாது. இவர் அவளை மடியில் வைத்து, கார் பின்னுக்கு வரும் சத்தத்தை வாயால் போட்டு, ஒரு முடிவு சொல்லுவார். கேட்டதைப் பார்த்ததாகவே பிள்ளை நினைத்து வளர்ந்திருக்கிறாள்.

அந்த மகள் ஓகூஸ் நகரத்தில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு டேனிஷ் பொடியனோடு கல்யாணம் கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கப் போனாள். இந்த நாட்டில் அது சாதாரணம். கோயிலில் வேத வாசகம் வாசிக்கிறவருக்குச் சாதாரணமில்லை. "அவனோடை இருக்கிறதெண்டால் இந்த வாசல் மிதிக்காதை," என்றார். அவளும் அவருடைய மகள்தானே, மிதிக்கவில்லை. இவர் நடக்கப் போகும் நேரம் பார்த்து எனக்கு மட்டும் போன் எடுப்பாள். அந்த இரண்டு வருடமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் பிழை திருத்துறனிங்கள்தானே," என்றேன். "இதையும் திருத்துங்கோ." குத்தலாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சோறு வடித்து, இரண்டு கறி வைத்து முடித்த பிறகுதான் கூப்பிட்டார். "எழுத்துப் பிழை இருக்கோ எண்டு பாரும்."

என்னைவிட அவருக்குத்தான் டேனிஷ் நன்றாக வரும். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. குனிந்து வாசித்தேன்.

'இந்தப் பெண்ணைக் கேலி செய்யாதீர்கள். அவர் சொல்லும் காட்சி படத்தில் இல்லை. எங்கள் வீட்டுக் கசெற்றில் முடிவை நான் தவறுதலாக அழித்துவிட்டேன். மகள் அழுதாள், அதனால் அந்த முடிவை நானே சொன்னேன். ஒருவரைப் பாலத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவளுக்குச் சொன்னவன் நான். பிறகு அவளையே விட்டுவிட்டுப் போனேன். பிழை என்னுடையது.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, சொல்லவில்லை. அனுப்பிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பாட்டில் கை வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. இரண்டு தரம் எழும்பிப் போய்க் கணினியைப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்று மணி போல் என் போன் அடித்தது. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மகள் ஒருநாளும் எடுத்ததில்லை. நான் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அப்பா," என்றாள். மிச்சத்தை டேனிஷில் கேட்டாள். "அந்தக் காட்சி உண்மையாகவே இல்லையா?"

"இல்லைப் பிள்ளை," என்றார். "நான் சும்மா சொன்னது."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. இவர் நாற்காலியைப் போனுக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். "வாற ஞாயிறு சாப்பிட வாங்கோ, ரெண்டு பேரும்," என்றார்.

அவள் பதில் சொல்லுமுன் போனை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொடியன் உறைப்புச் சாப்பிடுவானோ எண்டு கேளும்."