மனப்பாடம் செய்வித்த பக்கங்கள்

என் மகளுக்குப் படிக்க வரவில்லை என்பது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை யாரிடமும் சொல்லவில்லை. நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லகர ளகர வேறுபாடு சொல்லிக்கொடுக்கிறவளின் மகள், ‘வயல்’ என்ற சொல்லைப் பார்த்து விழிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கான கிராஃபிக் நாவல் வாசிப்பு வட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். கதை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படத்தில் ஓடும், எழுத்து குறைவு என்றார்கள். படத்தைப் பிடித்துக்கொண்டாவது எழுத்துக்கு வந்துவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. எங்களைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை என்பதும்தான். ரயிலேறிப் போனோம்.

நூலக மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். அன்று அவளுக்குத் தொண்டை வலி என்று பொய் சொன்னேன். கிளம்பும்போது நூலகர் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, அடுத்த வாரம் யாருக்கு எந்தப் பக்கம் என்றும் சொல்லி அனுப்பினார். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அவள் பக்கத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

“படகுப் படம் வந்தா என்ன சொல்லணும்?”

“அக்கரைக்கு வர்றியா?”

“அடுத்த கட்டத்துல, அழுவுற பொண்ணு?”

தடுமாறினாள். அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சரியாகச் சொன்னாள்.

நான்கு சனிக்கிழமைகள் இப்படியே போயின. “உங்க பொண்ணு எவ்வளவு நல்லா வாசிக்கிறா!” என்று இன்னொரு பிள்ளையின் அம்மா சொன்னபோது கூசாமல் சிரித்தேன்.

அதற்கடுத்த வாரம் நூலகர் யாரும் பார்த்திராத ஒரு புத்தகத்தைப் பிரித்தார். “இன்னிக்கு அவங்கவங்க கைக்கு வர்ற பக்கத்த வாசிங்க” என்றார். புத்தகம் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. சுவரோரம் மற்ற தாய்மாரோடு உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கே எழுத்து தெரியவில்லை. ஆனாலும் பைத்தியக்காரி போல உதட்டை அசைத்தேன்.

படத்தில் விரலை வைத்து அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். “மழை விடவே இல்ல. நாத்தெல்லாம் முழுகிப்போச்சு. அந்தம்மாவுக்கு வீட்டுக்குப் போவப் பிடிக்கல.”

பக்கத்தில் இருந்த சிறுமி எட்டிப் பார்த்தாள். “அப்படி ஒண்ணும் போடலையே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். நூலகர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்ப ரயிலேறினோம். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: “எழுத்தெல்லாம் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதும்மா. ஒனக்கு மட்டும் எப்படி நிக்குது?”

அவளுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. எதிரில் ஆட்கள் இருந்தார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளி இடைவேளையில், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் மறைந்து நின்று நூலகருக்குப் போன் செய்தேன். “என் பொண்ணுக்குப் படிக்க வராதுங்க” என்றேன். அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“தெரியும்ங்க” என்றார் அவர். “ரெண்டாவது வாரமே தெரியும். பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துல இருக்கறதச் சொல்லிட்டா. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அவளக் கூட்டிட்டு வாங்க.”

அவர் சொன்ன மருத்துவரிடம் போனோம். அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மூளை எழுத்தை வாங்கும் விதம் வேறு என்றார். தனிப் பயிற்சி வேண்டும், அதற்கும் வருடக்கணக்காகும் என்றார். நான் அறைந்ததை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. வட்டத்துக்குப் போகிறாள். அவள் படத்தைச் சொல்வாளாம், இன்னொருத்தி எழுத்தை வாசிப்பாளாம். என்னை மாடிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். விரல் வைத்து ஒரு பக்கம் முடிக்க இன்னும் அரைமணி ஆகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறாள். நான் அறைக்குள் நுழைந்தால் நிறுத்திவிடுகிறாள்.