கூப்பிட்டாலும் பேசக் கூடாது

எக்ஸ்ரே அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொன்னால் அது பொய். மூக்கு நுனியில் நின்று காத்திருக்கிற கோபமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. அவளுடைய கோபம் அவளுக்கு முன்னாலேயே நடந்து வந்து கதவைத் தட்டும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று "மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க" என்று அவள் குரல் கொடுத்தால், மேஜையில் படுத்திருக்கும் நோயாளி மட்டுமல்ல, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவளைவிட வயதில் பெரிய டாக்டர்கள்கூட 'அக்கா' போட்டுத்தான் பேசுவார்கள்.

வீட்டிலும் அதே குரல்தான். புருஷன் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் குனிந்து ஊரார் காலைப் பிடித்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் குரலை உயர்த்த ஏது தெம்பு? ஒரே மகள், பதினோரு வயது. படியில் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற பிள்ளை. அதற்காக அக்காவைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். போன மாதம் புருஷன் கடையில் மயங்கி விழுந்ததிலிருந்து, பிரஷர் மாத்திரையை அவர் விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை எதிரே நிற்பாள். ராத்திரி அவர் குறட்டை நின்றுவிட்டால் எழுந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே செய்வாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் பழைய கேமரா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்றால், வீட்டிலிருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

கேமராவைக் கொண்டுவந்தது அவளுடைய அண்ணன். சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்ததாம். "உள்ள ஃபிலிம் அப்படியே இருக்கு. அப்பா கடைசியா எடுத்தது. அம்மா உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. நான் பக்கத்துல நின்னேன், நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அந்தப் படம் எடுத்த சில நாளில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அப்பா கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த மற்றப் படங்கள் ஒரு வெள்ளத்தில் பெட்டியோடு போயின. அக்காவுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. அம்மாவின் முகமே தெரியாது. "அம்மா எப்படி இருப்பாங்க?" என்று அண்ணனிடம் கேட்டால், "எப்படி இருப்பாங்க, அம்மா மாதிரி இருப்பாங்க" என்பார். அதெல்லாம் ஒரு பதிலா? சின்ன வயதில் கடைத்தெருவில் எதிரே வரும் பெண்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்து, இப்படி இருந்திருப்பாளோ, அப்படி இருந்திருப்பாளோ என்று தேடியவள் அவள். இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஸ்டூடியோக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடி இறுகிப்போயிருந்தது. "ரொம்பப் பழசும்மா. வெளியூருக்கு அனுப்பணும். வந்தா வரும், வராட்டி என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

"உங்களை எதுக்குக் கேக்கணும்? நானே பாத்துக்கறேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெறும் வாய்ச்சவடால் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எக்ஸ்ரே ஃபிலிமை இருட்டறையில் மருந்துத் தொட்டிகளில் முக்கி எடுத்தவள் அவள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் தெரிகிறது என்பதற்காகக் கை மறந்துவிடுமா?

ஆனால் இருட்டறைக்கு எங்கே போவது? வீடு என்பது ஒரு ஹால், கதவே இல்லாத சமையலறை, ஒரு குளியலறை. உள்ளதில் கதவு உள்ள அறை குளியலறைதான். அதைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு அட்டை வைத்து, அதன்மேல் கறுப்புத் துணியை ஆணியடித்தாள். பல்பைக் கழற்றினாள். கதவை மூடிவிட்டு உள்ளே இருட்டில் கண் பழகும்வரை உட்கார்ந்து, எங்கெங்கே வெளிச்சம் ஊசிமுனையாக நுழைகிறது என்று பார்த்துப் பார்த்து அடைத்தாள். கதவின் அடியில் ஈரத் துண்டு. வெந்நீர் கீசரில் தானாக எரிந்து அணையும் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இருந்தது. அதன் கண்ணிலும் கறுப்பு டேப்.

"சினிமால சிவப்பு லைட் போடுவாங்களேம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அது பேப்பர்ல பிரிண்ட் போடும்போது. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் ஆகாது, மஞ்சளும் ஆகாது. கும்மிருட்டு வேணும்."

புருஷன் யாரையோ பிடித்து, ஃபிலிம் கழுவும் சின்ன டாங்க் ஒன்றை வாங்கி வந்தார். வேலை இதுதான்: இருட்டில் கேமராவைத் திறந்து, ஃபிலிமை உருவி, வரிவரியாகப் பள்ளம் உள்ள ஒரு பிளாஸ்டிக் சுருளில் ஏற்றி, டாங்குக்குள் வைத்து மூடிவிட வேண்டும். மூடியாயிற்றென்றால் கவலையில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு மருந்தை ஊற்றலாம். மூடுவதற்கு முன் ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு.

வீணான ஃபிலிம் ஒன்றை வைத்து ஒத்திகை பார்த்தாள். நடுவில் உள்ளேயிருந்து, "பாப்பா, அந்தக் கத்திரிக்கோல் வெளிய இருக்கா?" என்று கேட்டாள். அம்மா கேட்டுவிட்டாளே என்று மகள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கதவைப் படாரென்று திறந்தாள். வெளியே வந்த அக்கா அதே வேகத்தில் மகள் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"இதே நிஜ ஃபிலிமா இருந்தா? எங்கம்மா போயிருப்பாங்கடி! காதைத் திறந்து கேட்டுக்கோ. நீங்களும்தான். நான் உள்ள இருக்கும்போது இந்த வீட்டுல ஈ காக்கா சத்தம் கேக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும் கதவுகிட்ட வரக் கூடாது, பேசக் கூடாது. உள்ள கவனம் சிதறிச்சுன்னா தொலைஞ்சேன். வாயத் திறந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

புருஷன் தலையாட்டினார். மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

ராத்திரியில் செய்வதுதான் பத்திரம்; ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு ராத்திரி வேலை. இன்னொரு வாரம் பொறுக்கலாம்தான்; பொறுமைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் கேமராவைத் திறந்தாள். ஃபிலிம் முறுகிப்போயிருந்தது. தொட்டால் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மெல்ல உருவினாள். நுனியைச் சுருளின் வாயில் கொடுத்தாள். நுழையவில்லை. மறுபடி கொடுத்தாள். நுழைந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. புழுக்கத்தில் முகவாயிலிருந்து வியர்வை சொட்டியது. அது ஃபிலிமில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சுற்றினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் கிழியும். விட்டால் நழுவும். "வந்துடும்மா, வந்துடு" என்றாள். யாரையும் இவ்வளவு கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் வெளியே தடாலென்று சத்தம் கேட்டது.

பாத்திரம் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இது ஆள் விழுந்த சத்தம். கனமாக, மொத்தமாக, ஒரே அடியாக.

"ஏங்க?"

பதில் இல்லை.

"ஏங்க, என்ன சத்தம்? விழுந்துட்டீங்களா?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. "பாப்பா! அப்பாவுக்கு என்னடி ஆச்சு? பாப்பா!"

அதற்கும் பதில் இல்லை.

நான்தானே பேசாதே என்றேன் என்று ஒரு நினைப்பு வரத்தான் வந்தது. அதற்காக? அப்பன் விழுந்து கிடக்கும்போதுமா ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கும்? உலகத்தில் எந்தப் பிள்ளையாவது அப்படி இருக்குமா? அப்படியென்றால் பிள்ளைக்கும் ஏதோ ஆகியிருக்கிறது. அவர் கரண்டில் கை வைத்து, இவள் அவரைத் தொட்டு... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

சுருளை அப்படியே டாங்குக்குள் திணித்து மூடிவிடலாம் என்று ஒரு கையால் தரையைத் துழாவினாள். டாங்க் கிடைத்தது. மூடி கிடைக்கவில்லை. பக்கத்தில் வைத்த மூடி எங்கே உருண்டதோ. மண்டியிட்டுத் தேடினாள்; வாளி சரிந்தது, பாட்டில் சாய்ந்தது, மூடி மட்டும் இல்லை. நெஞ்சு நின்றுபோனவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை பார்த்தவள் அவள். மூடி தேடுகிற நேரமெல்லாம் அங்கே கிடையாது. இந்தக் கையில் அம்மா. நாற்பது வருஷமாகத் தேடிய அம்மா, இதோ விரலுக்கு நடுவில். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

ஹாலில் வெயில் ஜன்னல் வழியே தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. சுவரோரம் ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில் புருஷன் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கையில் காலிங் பெல்லின் வயர், இன்னொரு கையின் விரல் உதட்டின்மேல். மகள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்தியிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அவள் கையில் தொங்கிய ஃபிலிமைப் பார்த்ததும் அது அணைந்தது.

"யாராவது பெல் அடிச்சிடப் போறாங்களேன்னு வயரைக் கழட்ட ஏறினேன். வழுக்கிடுச்சு" என்றார். இன்னமும் ரகசியக் குரலில்தான் பேசினார்.

"மயக்கம் வந்துச்சா?"

"இல்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. முழங்கைதான் கொஞ்சம்."

அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தாள். பாதி சுருளில், பாதி வெளியே, வெயிலில் பளபளவென்று. இதற்குமேல் எந்த மருந்தில் முக்கினாலும் கறுப்பாகத்தான் வரும். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது பாருங்கள் கோபம்!

"தொண்டை கிழியக் கத்தினேனே, ரெண்டு பேருக்கும் காது அடைச்சுப் போச்சா? வாயில பூட்டா போட்டிருக்கு? ஒரு வார்த்தை... ஒண்ணுமில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." மகள் பக்கம் திரும்பினாள். "அவருக்குத்தான் அறிவில்ல. நீயாவது சொல்லியிருக்கலாமில்லடி?"

புருஷன் எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மகள் கையை வாயிலிருந்து கொஞ்சமாக விலக்கிப் பேசினாள்.

"அப்பா விழுந்ததும் செத்துட்டாங்கன்னு நினைச்சேன்மா. கத்தத்தான் போனேன். அப்புறம் நீ உள்ள இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. அதான் பொத்திக்கிட்டேன்."

அக்கா அப்படியே நின்றாள். அப்பா செத்துவிட்டார் என்று நினைத்த பிறகும் இந்தப் பிள்ளை வாயைப் பொத்தியிருக்கிறது. சாவுக்குப் பயப்படுவதற்கு முன்னால் எனக்குப் பயந்திருக்கிறது. அம்மா முகம் தெரியாமல் வளர்ந்தேனே என்று நாளெல்லாம் அழுகிறேன். என் முகத்தை நினைத்து என் பிள்ளை அழக்கூட அஞ்சுகிறதே. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மகள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கத்தியிருக்கணும்டி கண்ணு" என்றாள். "கத்தணும். என்ன ஆனாலும் கத்தணும். நான் பாவிடி."

"உங்கம்மா போட்டோ போயிடுச்சாம்மா?"

"போச்சு."

மகள் அந்த ஃபிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, சத்தம் வெளியே வந்துவிடாதபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

எக்ஸ்ரே அக்கா சுருளைத் தரையில் போட்டுவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.