இரண்டு பூட்டுத் தொங்கிய கொட்டகை

கோவிந்தம்மாவுக்கு இரண்டு கொழுந்தன்மார். இரண்டு பேரில் யார் பெரிய அயோக்கியன் என்று கேட்டால், பெரியவன் கருணாகரனைத் திட்ட ஆரம்பிப்பாள். பாதியில் சின்னவன் தேசப்பன் ஞாபகம் வந்துவிடும். "அவன் மட்டும் இன்னாவாம்?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஐம்பது, ஐம்பத்தொன்றாம் வருஷ வாக்கில் காத்திவாக்கத்தில் மீன் கூடை தூக்கிய பெண்கள் அத்தனை பேருக்கும் இந்தப் புராணம் மனப்பாடம்.

அவள் புருஷன் ராசையா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போனது கடலோரத்தில் ஒரு வலைக் கொட்டகை. கம்பு நட்டது அவன், கீற்று வேய்ந்தது அவனும் அவளும். கருவாட்டை மழைக்கு ஒதுக்கி வைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். கருவாடு நனைந்தால் அந்த வாரம் அடுப்பு எரியாது.

காரியம் முடிந்த கையோடு கருணாகரன் கொட்டகைக் கதவில் ஒரு பூட்டுப் போட்டான். மறுநாள் தேசப்பன் வந்து அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டான். அண்ணன் சொத்து தம்பிக்கு என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது; எந்தத் தம்பிக்கு என்பதில்தான் தகராறு. அண்ணனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தது இருவருக்குமே மறந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களிடம் கோவிந்தம்மா முறையிட்டாள். "பொம்பளைக்கு எதுக்குக் கொட்டா? கட்டுமரமா தள்ளப் போற?" என்று சொல்லிவிட்டு மகான்கள் சாயா குடிக்கப் போய்விட்டார்கள்.

இரண்டு பூட்டு இருந்ததால் ஒருவனை விட்டு ஒருவன் உள்ளே போக முடியாது. சேர்ந்து திறந்தார்கள். உள்ளே போய் வலையைத் தொட்டால் சண்டை, துடுப்பைத் தொட்டால் சண்டை. சண்டை போடாமல் இருவரும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது: காசு வைத்து மூணு சீட்டு ஆடுவது. கடல் கொந்தளித்துக் கட்டுமரம் இறக்க முடியாத நாட்களில் எர்ணாவூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இடத்துக்காரனுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பது வழக்கம். அதை அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டே பிரித்துக்கொண்டார்கள்.

கோவிந்தம்மாவின் கூடைகள் வெளியே இறவாரத்தில் கிடந்தன. ஐப்பசி மழை சாரலடித்து ஒரு மூட்டை நெத்திலி புழுத்துப் போனது. வயிறெரிந்து உள்ளே போய், ஓரமாக ஒரு மூலை மட்டும் விடுங்கள் என்று கேட்டாள்.

கருணாகரன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தோபாரு அண்ணி, ஆட்டத்துல பேஜாரு பண்ணாத. எங் கொட்டால ஒனக்கு இன்னா வேல?"

"எங் கொட்டான்னு சொல்லு," என்றான் தேசப்பன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. ஹெட் கான்ஸ்டபிள் மதார் சாகிப் அந்தக் கரையிலேயே தொப்பை வளர்த்தவர். மீன் வாடையை வைத்தே ஆள் இன்னார் என்று சொல்வார் என்று பேச்சு. கான்ஸ்டபிள்கள் கதவை மறித்துக்கொள்ள, சீட்டும் காசும் பாயும் அப்படியே அகப்பட்டன. போலீஸ் தலை தெரிந்ததுமே கருணாகரன் தன் சாவியைக் கீற்று இடுக்கு வழியாகத் தண்ணீரில் எறிந்தான். அதே இடுக்கில் தேசப்பனும் எறிந்தான். வருஷக் கணக்கில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த இரண்டாவது காரியம் அது.

எல்லோரையும் மணலில் குந்த வைத்துவிட்டு மதார் சாகிப் கேட்டார்: "ஆடனவனுக்கு ஃபைனோட போவும். எடத்துக்காரன் ஜெயிலுக்குப் போவணும். கொட்டா யார்து?"

கருணாகரன் தம்பியைக் காட்டினான். தேசப்பன் அண்ணனைக் காட்டினான். நேற்றுவரை எனது எனது என்று தொண்டை கிழியக் கத்திய இரண்டு வாயும் இன்று அடுத்தவனுக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்தன. கதவில் இரண்டு பூட்டும் கேட்பாரற்றுத் தொங்கின.

"நம்ப அல்லா வேற, ஒங்க ஆத்தா வேற," என்றார் மதார் சாகிப். "ஆனா ஒங்க ஆத்தா மேல எனுக்கு நம்பிக்க கீது. எயுந்து வாங்கடா."

கங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தினார்கள். அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அந்தக் கரையில் அப்பீல் கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவனோடு யாரும் ஒரே கட்டுமரத்தில் கால் வைக்கமாட்டார்கள். ஆத்தா அவனைக் கவிழ்க்கும்போது கூட இருப்பவனையும் சேர்த்துத்தானே கவிழ்ப்பாள்?

இருவரும் கற்பூரத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். ஆனால் மனசுக்குள் இருவருக்குமே தெரியும், கொட்டகை ராசையாவுடையது. அதனால் துணிந்தார்கள். "ஆத்தா மேல ஆண, கொட்டா என்னுது இல்ல" என்று கருணாகரன் அணைத்தான். மறுபடி கொளுத்தினார்கள், தேசப்பன் அணைத்தான். அந்தக் கொட்டகையைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கூட்டத்தில் நின்ற கோவிந்தம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"கொட்டா என்னுது," என்றாள்.

மதார் சாகிப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டம் நடக்கறது ஒனக்குத் தெரியுமாம்மே?"

"தெரியும்."

"யோசிச்சுச் சொல்லு. ஜெயிலுமே."

பயம்தான், அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஜெயிலுக்குப் போன பொம்பளை என்று நாலு பேர் பேசுவார்கள். ஆனால் புருஷன் நட்ட கம்பு இப்படி அநாதையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. "எயுதிக்கோ," என்றாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் என்ன கேட்டாலும் "கொட்டா என்னுது சாமி" என்பதையே முதலில் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அவர் அதட்டினார். கொழுந்தன்மார் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். கோவிந்தம்மாவுக்கு ஒரு மாதம் ஜெயில். அங்கே அவள் சொன்ன ஒரே குறை, குழம்பில் மீனைக் கண்ணில் காட்டவில்லை என்பதுதான்.

திரும்பி வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போய், கான்ஸ்டபிள்கள் அழுத்திப் பூட்டிவிட்டுப் போயிருந்த இரண்டு பூட்டையும் கல்லால் உடைத்தாள். சத்தம் கேட்டு ஊரே கூடியது. கருணாகரன் ஓடி வந்தான்.

"அண்ணி, போலீசாண்ட சொன்னது வேற. கொட்டா நம்பள்து!"

"அப்போ கற்பூரத்தப் பொய்யா அணைச்சியா?" என்று கேட்டாள் பக்கத்துக் கூடைக்காரி மங்கம்மா.

கருணாகரனின் மரத்தில் மறு துடுப்புப் போடுகிறவன் கோதண்டம். அவன் மெதுவாக நாலடி தள்ளி நின்றான். "பொய்யின்னா இப்பவே சொல்லிடு நைனா. நான் வேற மரம் பாத்துக்கறேன்."

கருணாகரன் உடைந்த பூட்டைக் காலால் மணலுக்குள் தள்ளினான். தேசப்பன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். கோவிந்தம்மா இறவாரத்தில் கிடந்த தன் கூடைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள். உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அதற்கு இடையிலும் இருவரையும் வாய் நிறையத் திட்டினாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தேசப்பன் கதவருகே நின்றான். அவனுக்குப் பின்னால் கருணாகரன், இவனோடு வந்தவன் இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வரட்டா அண்ணி?"

"யார் கொட்டான்னு சொல்லிட்டு வா."

தேசப்பன் வானத்தைப் பார்த்தான். மழை விடுகிற மாதிரி இல்லை. "ஒன்து அண்ணி," என்று முனகினான்.

"சத்தமா சொல்றா, பேமானி," என்றாள் கோவிந்தம்மா. "பின்னால நிக்கறவனுக்கும் கேக்கணும்."