அசையாத புள்ளி

ஒதில் பெர்த்தே கணினித் திரையில் அந்தப் புள்ளியைப் பார்க்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. ஜூரா மலையடிவாரத்தில், பூமிக்கடியில் குவார்க் எனும் கனமான நுண்துகள்கள் சிதைவதை எண்ணும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. பருப்பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகச் சிதைந்தால் புள்ளி நடுக்கோட்டில் நிற்கும். அவள் திரையிலோ யாரும் எதிர்பாராத தூரத்துக்குச் சாய்ந்து நின்றது. அது மட்டும் நிஜமானால் அவள் வாலிபத்தைத் தின்ற வேலைக்கு அர்த்தம் வந்துவிடும்.

ஆனால் அது பொய்ப்புள்ளி. இந்த விஞ்ஞானிகள் தங்களையே நம்பமாட்டார்கள். ஆசைப்பட்ட பக்கம் கை போய்விடும் என்று பயம். வேலை தொடங்குமுன் வெளியாள் ஒருவர் கணினியில் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து விடையைத் தள்ளி வைத்துவிடுவார். முகமூடி என்பார்கள். எல்லாம் முடிந்த பிறகே கழற்றுவார்கள். முன்னதாக எட்டிப் பார்ப்பது மகாபாவம்.

ஒதிலுக்கு முகமூடி போட ஒப்புக்கொண்டவன் பக்கத்து அறை வித்தோல்ட். அந்த வாரமே பனிச்சறுக்கு விளையாடப் போனவனைப் பனிச்சரிவு விழுங்கிவிட்டது.

அதன்பின் கணக்கில் எந்தப் பிழையைத் திருத்தினாலும் புள்ளி கொஞ்சம் நகரும், சில நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மூடுபனி சன்னலை அடைத்த ஒரு பகலில், செத்தவன் முதுகுக்குப் பின்னால் நின்று புள்ளியை இழுக்கிறான் என்று தோன்றி, நாற்காலியைத் திருப்பியே பார்த்துவிட்டாள். யாருமில்லை.

"அம்மா தாயே, பேயோட குடித்தனம் பண்ணினது போதும். நாளைக்குத் தொறந்துடலாமா?" என்றான் குழுத்தலைவன் எமரிக்.

"தொறந்தா எது வந்தாலும் கைவைக்கக்கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

"நடுங்கறது நீ. எனக்குச் சொல்ற பாரு."

மறுநாள் காலை காப்பிக் கோப்பைகளோடு எல்லோரும் கூடினார்கள். எமரிக் பொத்தானை அழுத்தினான். புள்ளி அசையவில்லை.

"ஒழுங்கா அமுக்குப்பா!" என்று யாரோ சிரித்தார்கள்.

மறுபடி அழுத்தினான். அசையவில்லை. ரகசிய எண் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தவனின் முகம் வெளுத்தது.

"ஒதில்... உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் சைபர். அவன் போடாமலே போயிட்டான்."

பார்ப்பது பாவம் என்பதால் இத்தனை காலமும் ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்ப தினம் நான் பார்த்தது..."

"முகமூடியே இல்லாத உன் விடைதான்." எமரிக் குரலைத் தாழ்த்தினான். "புள்ளி நடுவுக்கு வந்தப்பல்லாம் தப்பு எங்கன்னு தேடினியே. வெளிய போனப்ப தேடினியா?"

ஒதில் தன் திருத்தங்களின் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் புள்ளி நடுவுக்கு வந்த நாள்களில் செய்தவை.

அவள் கணக்கு குப்பைக்குப் போயிற்று. அதே தரவுகளை வேறு ஊரில் இரண்டு பேரிடம் கொடுத்தார்கள், இம்முறை நிஜமான முகமூடியோடு. அதைக் கழற்றிய நாளில் ஒதில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புள்ளி நழுவி, நழுவி, நடுக்கோட்டை ஒட்டி நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அந்தப் புள்ளியை அத்தனை காலம் வெளியே இழுத்துப் பிடித்திருந்தவை இந்தக் கைகள்தான். ஒரு தரம்கூட அவளுக்குத் தெரியவில்லை. இனி எதைத் தொட்டாலும் தெரியப்போவதில்லை. சுற்றிலும் சத்தம் ஓய்ந்துவிட்டது. அவள் கைகள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.