நான் வேண்டாமென்று வைத்த வெள்ளைத் தட்டு

எங்கள் அண்ணன் இறைவனிடம் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரது நற்குணங்களைப் பற்றி அண்ணியும் பிள்ளைகளும் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்தவன் என்ற முறையில் என்னையும் எழுதச் சொன்னார்கள். அண்ணன்மேல் எனக்கிருந்த பாசம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறாமையும் இருந்தது தெரியாது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அப்பா எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது அண்ணன் தேவாலாவில் பிறந்தார். நான் நான்கு வருடம் கழித்து வந்தேன். அப்பா திடீரென்று காலமானபோது அண்ணன் கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்பை அப்படியே விட்டுவிட்டுக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். சர்ச் பாடகர் குழுவில் ஓய்வுபெறும்வரை கட்டைக்குரலில் பாடினார். இப்படிப்பட்டவர்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

எல்லாம் ஓர் இங்கிலாந்து ராக் பாடகரால் வந்தது. அவரை ‘நம்மாளு’ என்றுதான் அண்ணன் சொல்வார். இருவருக்குமே நம்மாளு என்றால் உயிர். நான் கடையில் கிடைத்த இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்தேன். அண்ணன் அவற்றைச் சீந்தமாட்டார். பாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் விளம்பரத்துக்காகக் கம்பெனி அனுப்பும் தட்டுகள் உண்டு. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். அண்ணனுக்கு அவைதான் வேண்டும். அதற்காக எந்தெந்த நாட்டுக்கோ கடிதம் போட்டார். பின்னாளில் கம்ப்யூட்டரில் தேடினார். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். “எங்கூட்டுல எனக்கு ஒரு பழைய ஸ்வெட்டர், அதுகளுக்கு ஹீட்டருங்க” என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஓர் எஸ்டேட் மேனேஜர் ஊரை விட்டுப் போகிறார், பங்களா சாமான்களை விற்கிறார் என்று முதலில் கேள்விப்பட்டவன் நான். முதலில் போனவனும் நான். ஒரு பெட்டியில் நம்மாளு தட்டு ஒன்று கிடந்தது. நடுவிலிருக்கும் லேபிள் வெறும் வெள்ளை, பெயரைக்கூட டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். உறையின் மூலையில் ஓர் ஓட்டை. பழுதான சரக்கு என்று பெட்டியிலேயே போட்டுவிட்டு, ஒரு மேஜை விளக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். அதோடு நிற்காமல், சிரித்துக்கொண்டே அண்ணனிடம் சொல்லியும் தொலைத்தேன்.

“ஓட்டையா? மூலையிலயா?” என்று கேட்டவர், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் அதை வாங்கி வந்தார். யாரும் விற்றுவிடக் கூடாது என்று கம்பெனியே போட்ட ஓட்டை அது. அண்ணன் சேர்த்ததிலேயே அரிதான தட்டு அதுதான். லேபிளை வைத்து ‘வெள்ளைத் தட்டு’ என்றே அதற்குப் பெயர்.

அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அண்ணன் தட்டைக் காட்டுவார், நான் டீ கொண்டுவந்து கொடுப்பேன். “நான்தானே மொதல்ல பாத்தேன்” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பாத்தே, சரி. வெச்சுட்டு வந்தது ஆருடா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தத் தட்டைத் தொட என்னை அவர் விட்டதேயில்லை. ஆனால் பக்கத்துக் கேத்தி கிராமத்தில் காரட் பயிரிடும் அவருடைய நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் பாட்டுக் கேட்க வருவார். இங்கிலீஷில் ஒரு வரி புரியாது. அவர் கையில் மட்டும் அண்ணன் தட்டைக் கொடுத்துப் போடச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி மூன்று மாதம் அண்ணன் படுக்கையில் இருந்தார். நான் கூடவே இருந்தேன். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நீங்களெல்லாம் பாராட்டினீர்கள். கஞ்சி ஊட்டும்போதும் என் கண் அலமாரிப் பக்கம் போனது. ஒரு காலையில் என்னையும் கேத்தி நண்பரையும் கூப்பிட்டார். “பிளேயரும் மத்த தட்டெல்லாமும் உனக்கு. வெள்ளைத் தட்டு இவருக்கு” என்றார்.

அடக்கத்தன்று நான் கதறியதை எல்லோரும் பார்த்தீர்கள். அதில் பாதி எதற்கு என்று இப்போது சொல்லிவிட்டேன்.

என் மனைவி போனதிலிருந்து நான் தனியாக இருப்பவன். அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிறு மதியம், நல்ல மழை. கேத்தி நண்பர் உரச்சாக்கில் எதையோ சுற்றி மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார்.

“ஏனுங்க, எங்கூட்டுல பிளேயர் இல்லீங்க. இங்க போட்டுக் கேக்கலாமுங்களா?”

“தட்டை எங்கிட்டயே குடுத்துட்டுப் போங்களேன்” என்றேன். என் குரலில் இருந்த ஆத்திரம் எனக்கே கேட்டது.

“அது மட்டும் முடியாதுங்க. அண்ணாரு சத்தியம் வாங்கீட்டாருங்க. ‘அவன்கிட்டக் குடுத்தறாதீங்க, ஞாயித்துக்கிழமையானா எடுத்துட்டுப் போங்க, இல்லாட்டி அவன் ஒண்டியா உக்காந்திருப்பான்’னாருங்க.”

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு தட்டைப் போட்டார். இரண்டாம் பக்கம் ஓடும்போது நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அண்ணனின் நோயில் இரவு பகல் பாராமல் உழைத்த அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த ஃபேக்டரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கேத்தி நண்பருக்கும் நன்றி. அன்றிலிருந்து அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. பாட்டு முடிந்ததும் தட்டை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஏறும்போது, இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சனிக்கிழமையே அவருக்கும் சேர்த்துப் பால் வாங்கி வைத்துவிடுகிறேன்.