மாரியாயியின் சாயங்கால மாத்திரை

"பேரை எழுதிட்டா பிரஷர் எறங்கிடும்னு நம்புறவங்க நடத்துறதுதான் டீச்சர் இந்த ரெஜிஸ்டர்" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் செவிலியர் எஸ்தர். வருகைப் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூட இல்லாமல் ஓய்வு பெற்ற என்னை, பந்தலூர்ப் பக்கத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில் நோயாளர் பதிவேட்டைக் கண்காணிக்க அழைத்திருந்தார்கள். பதிவேடு என்னும் பிராணியிடம் கடிபட்ட அன்பர்களே, என் வலி உங்களுக்குப் புரியும்.

ஊருக்கெல்லாம் ஒரே எண்

முதலில் நான் தேடிய பெயர் மாரியாயி. கொழுந்து பறிப்பவர். இரத்த அழுத்தத்துக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்குவார். அளந்து பார்க்க மட்டும் நிற்கமாட்டார். அந்த வாரம் தேயிலைக் காட்டில் மயங்கி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அவருடைய எண்ணை அழைத்தேன். ஓர் ஆண் குரல். அடுத்த ஒன்பது நோயாளிகளின் எண்ணிலும் அதே குரல்! லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காததால், எல்லோரும் மளிகைக் கடைக்காரரின் எண்ணையே கொடுத்திருந்தார்கள். அவரோ வாசலில் நின்று, "மூணாம் லயம் மாரியாயி! பிரஷருக்குக் கூப்பிடுறாங்க!" என்று தோட்டம் முழுவதற்கும் முழங்கினார். நோயாளியின் இரகசியம் குறித்து நான் கண்டித்தபோது அவர் வருந்தியது வேறொன்றுக்காக.

"எல்லாருக்கும் நான்தான் போன், டீச்சரம்மா. எனக்குச் சக்கரை இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

நூற்றிருபதுக்கு எண்பது

மாரியாயி வந்தார். எஸ்தர் அளந்தார்: நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. கணினியிலோ ஐந்து மாதங்களாக நூற்றிருபதுக்கு எண்பது. பிறரைப் பார்த்தேன். அனைவருக்கும் அதே எண். தை மாதம் காலமான முதியவர் ஒருவர் பங்குனியிலும் அதே ஆரோக்கியத்துடன் இருந்தார். காப்பியடித்த விடைத்தாளை எட்டி நின்றே கண்டுபிடிக்கும் மூக்கு எனக்கு. பதிவு செய்யும் பிரபுவை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"கட்டத்தைக் காலியா உட்டா அடுத்த பக்கம் போகாதுங்க மேடம். அதுக்குன்னு கெட்ட நம்பரா போட்டேன்? நல்ல நம்பராப் பாத்துத்தானுங்க போட்டிருக்கேன்!"

காலைக்கு ஒருத்தி, மாலைக்கு ஒருத்தி

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தார். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவது எனக்கு ஆகாது, தடுத்தேன். "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒழுங்காகப் போடுகிறாயா, மாரியாயி?" என்றேன். "காலையில நானு. சாயங்காலத்தது புஷ்பத்துக்கு" என்றார், கூச்சமே இல்லாமல்.

புஷ்பம் பக்கத்து வீட்டுக்காரர், தற்காலிகத் தொழிலாளி. அவருக்கும் இரத்த அழுத்தம். பதிவேட்டில் பெயர் ஏறினால் தோட்ட அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், வேலை நிரந்தரமாகாது என்று பயந்தவர். லயத்தில் சீனியும் காப்பித்தூளும் கைமாற்றாகப் போவதுபோல, ஆறு வாரங்களாக மாத்திரையும் போயிருக்கிறது. கடுமையாக வைதேன். மாரியாயி அசையவில்லை.

"நான் பர்மனெண்டு, டீச்சரம்மா. விழுந்தா லீவு. அவ விழுந்தா வேலையே போயிரும்."

பட்ட கடன்

பதிவேடு தோட்ட அலுவலகத்துக்குப் போகாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் புஷ்பத்திடம் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பெயரைச் சொன்னார். நாளுக்கொன்றாக முப்பது மாத்திரை தரப்பட்டது. மறுமாதம் மாரியாயியின் அழுத்தம் இறங்கியிருந்தது. புஷ்பத்துக்கோ ஏறியிருந்தது. முப்பதையும் வாங்கிய கையோடு மாரியாயியின் டப்பாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாராம்! ஏன் என்று கேட்டேன்.

"வாங்குனதத் தராம அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது, டீச்சரம்மா?"

எஸ்தர் புஷ்பத்துக்குப் புது மாத்திரை அட்டைகளும் மாரியாயிக்கு மிச்சம் பன்னிரண்டும் எடுத்துக் கொடுக்க, எங்கள் பதிவேட்டில் நான் மறுபரிசீலனையின்றிக் கையெழுத்திட்ட ஒரே எண் அன்று ஏறியது: புஷ்பம் மாரியாயிக்குத் தீர்த்த கடன், மாத்திரை நாற்பத்திரண்டு.